பழைய மெமரி

செல்போன் அலறியது!

அண்ணன் எபினின் நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்குப் பணம் கட்டிவிட்டு, கருங்கல்லில் இருக்கும் தன் கம்ப்யூட்டர் கடையை அப்போதுதான் திறந்திருந்தாள் இசபெல்.

"ஆரல்வாய்மொழியில இருந்து முருகதாஸ் பேசுகேன். வீட்டு கேமராப் படம் எல்லாம் சேருத டப்பா, தொறந்தாலே ஹேங் ஆவுது. மெமரி மாத்தணும்."

முருகதாஸ்... குவாரி முருகதாஸ்!

அவன் மலையைத் திருட்டுத்தனமாக உடைப்பதைப் படம் பிடித்துக் கலெக்டருக்கு அனுப்பியவன் எபின். மறு வாரமே ஏதோ வண்டி இடித்துச் செத்தான். அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதிக் கை கழுவியது போலீஸ். அடையாளம் இசபெல்லுக்குத் தெரியும். சாட்சிதான் இல்லை.

உள்ளூர்க்காரன் வேண்டாம் என்றுதான் இவ்வளவு தூரத்துக் கடையைத் தேடியிருக்கிறான். எபினின் தங்கையைக் கருங்கல்லில் கட்டிக்கொடுத்தது அவனுக்குத் தெரியாது, பாவம்!

"வாரேன் அண்ணாச்சி," என்றாள்.

மதியம் அவன் வீட்டு மேசையில் விரல் நீளத்தில் இரண்டு பச்சை மெமரித் தகடுகளை வைத்தாள். நான்கு ஜிபி, எட்டு ஜிபி.

முருகதாஸ் நான்கைத் தொட்டான். "இது போதும் பிள்ளே. நெறைய ஞாபகம் வச்சு என்னத்துக்கு?"

"நாலு போட்டா மறுபடியும் ஹேங் ஆவும். எட்டு போடுங்க. ஆயுள் கேரண்டி உண்டு."

"சரி. ஆனா பழைய மெமரி எனக்க கையில வரணும்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. டப்பா ஹேங் ஆனதால் எபின் செத்த நாளின் படத்தை அழிக்க முடியவில்லை. அதனால் மெமரியையே பிடுங்குகிறான். படமெல்லாம் அதில்தான் இருக்கிறதாம்... மடையன்!

மெமரி வெறும் வேகத்துக்கு; படம் இருந்தது ஹார்ட் டிஸ்கில். அவள் திருத்தவில்லை.

அவள் கழற்றித் தந்த பழைய தகட்டை முற்றத்தில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கினான். அதே சுத்தியலை அவன் மண்டையில் போட அவளுக்குக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு ஜிபியைச் செருகினாள்.

தூளையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டுத் திரும்பி வந்தவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி! உட்காரவைத்துக் காப்பி கொடுத்தான். அவள் மெதுவாக, மிக மெதுவாகக் குடித்தாள்.

"ஓடுதா?"

"பாருங்க அண்ணாச்சி."

டிவியைப் போட்டாள்.

எபின் செத்த அன்றைய சாயங்காலம்... ஜீப் உள்ளே வருகிறது. முன் கம்பியில் சிக்கித் தொங்குகிறது, எபின் எப்போதும் தோளில் மாட்டும் நீலப் பை! வீட்டுக் காவல்காரனிடம் முருகதாஸின் குரல், கணீரென்று.

"மொதல்ல இடிச்சதுல சாவல்லடே. ரிவர்ஸ் எடுத்து ஏத்துனேன்."

முருகதாஸின் டம்ளர் தரையில் உருண்டது. "அதை... நான் உடைச்சிட்டேனே... நீ ஆரு?"

"எபினுக்க தங்கச்சி. நீங்க உடைச்சிட்டு நின்னப்பவே இதை எஸ்பி ஆபீசுக்கு அனுப்பியாச்சு. எட்டு ஜிபி பாத்தியளா, சட்டுனு போயிட்டு."

வாசலில் ஜீப் சத்தம். இந்த முறை போலீஸ் ஜீப்!

இசபெல் தன் கருவிப் பையைத் தோளில் மாட்டினாள்.

"மெமரிக்கு ஆயுள் கேரண்டி அண்ணாச்சி. உங்களுக்கும் அதேதான்."