ரோஸ் சீட்டு

காலையிலிருந்தே போன் அவனுடைய இடது பெருவிரலை ஏற்க மறுத்தது. துடைத்து வைத்தான், ஊதி வைத்தான், கடைசியில் வைதுகொண்டே வைத்தான். சொந்த போனே நீ யார் என்று கேட்கிற நிலைமை. நம்பரை அடித்துத் திறந்துகொண்டான்.

ஞாயிறு சாயங்காலம். ஜீன்ஸ் சலவைப் பட்டறையில் இயந்திரங்கள் வட்ட வாயைத் திறந்தபடி தூங்கின. முதலாளி அவனுடைய அக்கா புருஷன். அந்தத் தகுதியால் அவன் மேனேஜர். மறுநாள் காலை பத்து மணிக்குக் கழிவுநீர்க் கணக்குப் பார்க்க அதிகாரி வருகிறார். பிசகினால் பட்டறைக்குச் சீல், பட்டறைக் கடனுக்கு ஈடாக வைத்த அக்கா வீடு ஏலம், அவனுக்குக் கம்பி.

சாயத் தண்ணீரை டேங்கர் லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப்போக வேண்டும். நடைக்கு மூன்று சீட்டு: வெள்ளை பட்டறைக்கு, மஞ்சள் ஓட்டுநருக்கு, ரோஸ் நிலையத்தின் முத்திரையோடு திரும்பி வரவேண்டும். லாரி வாடகை என்று மாமா மாதாமாதம் கொடுத்தது இரண்டு வருடமாக அவன் சட்டைப்பைக்குப் போனது. தண்ணீர் பின்பக்கத்துப் பாழுங்கிணற்றுக்குப் போனது. லாரி கிடையாது. ஓட்டுநரும் கிடையாது. ஓட்டுநர் கையெழுத்துப் போடுகிற கட்டத்தில் நீல மை தொட்டுத் தன் இடது பெருவிரலை அழுத்தி, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆளை அவன் உண்டாக்கியிருந்தான். லீவு கேட்காத, குடித்துவிட்டு வராத, இருநூற்றுப் பன்னிரண்டு நடையில் ஒரு விபத்துகூடச் செய்யாத ஓட்டுநர். பட்டறையிலேயே ஒழுங்கான ஊழியர் அவர்தான்.

வெற்று ரோஸ் சீட்டுகளும் அவற்றில் குத்தப் போலி முத்திரையும் அவன் பையில் இருந்தன. பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தான். கனத்தது. மூலைகள் ஊறி உப்பியிருந்தன. அழுகின முட்டையும் பிளீச்சிங் பவுடரும் கலந்த கிணற்று வாடை குப்பென்று வந்தது. நேற்றுவரை வெறுமையாக இருந்த இடத்தில் ரோஸ் சீட்டுகள், தேதி வரிசை மாறாமல், முத்திரையோடு.

முதலில் அவனுக்கு நிம்மதிதான் வந்தது. மாமாவை அழைத்து, சீட்டெல்லாம் நீங்கள் ஏற்பாடு செய்ததா என்று கேட்டான்.

"நான் எங்கடா பண்ணேன்? உன் டேங்கர்காரர்தான் மத்தியானம் கொண்டாந்து வச்சாராம், வாட்ச்மேன் சொன்னான். ஞாயித்துக்கிழமைகூட வேலை பாக்குறாரு பாரு, நீயும் இருக்கியே. அவருக்கு ஏதாவது சேத்துக் குடு."

மாமா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அவன் ஒரு சீட்டை விளக்கடியில் பிடித்தான். முத்திரைக்குக் கீழே இரண்டு வரி. 'சரக்கு ஏற்கப்படவில்லை. அனுப்பியவரிடமே திருப்பி இறக்கப்படும்.' அடுத்த சீட்டு. அதே இரண்டு வரி. அதற்கடுத்ததும்.

பின்பக்கம், கிணறு இருக்கும் திசையில், மோட்டார் ஒன்று இருமி இருமிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. அடிமட்டத்துத் தண்ணீரைச் சேறோடு உறிஞ்சுகிற சத்தம். பிறகு மோட்டார் நின்றது. சிமெண்டுத் தரையில் கனமான ரப்பர் குழாய் ஒன்று நிதானமாக, அவசரமே இல்லாமல், இழுபட்டு வந்தது.

போன் அடித்தது. வாட்ச்மேன்.

"சார், டேங்கர் உள்ள நிக்குது. கேட்டைப் பூட்டித்தான் வச்சிருந்தேன், சத்தியமா. ஓட்டுநர் இறங்கி உங்க ரூமுக்கு வர்றாரு."

என்ன வேண்டுமாம் என்று கேட்டான்.

"எதுவும் பேசல. மத்தியானம் தொப்பி போட்டிருந்தாரு, நான் சரியா பாக்கல. சார்... அவருக்கு மூஞ்சி..."

வாட்ச்மேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

மாமாவைத் திரும்ப அழைக்க, பழக்கதோஷத்தில் பெருவிரலை வைத்தான். போன் மறுத்தது. விரலை விளக்கடியில் திருப்பிப் பார்த்தான்.

வழுவழுவென்று இருந்தது. உரித்த முட்டை மாதிரி. ஒரு ரேகைகூட இல்லை. ஐந்தாம் வகுப்பில் பிளேடு கிழித்த தழும்பையும் காணோம்.

நடைபாதையில் ஈரக் காலடி. ஒன்று. நின்றது. இன்னொன்று.

கதவடியில் நீலம் கசிந்து வந்தது. செருப்பைத் தொட்டது. சில்லென்று.

தாழ் தானாக விலகியது.

வாசலில் ஓட்டுநர். தொப்பி கையில் இருந்தது. மஞ்சள் சீட்டுக் கட்டு கக்கத்தில். தோளில் குழாய் இல்லை. குழாய்க்குத் தேவையும் இல்லை.

இரண்டு வருடத்தில் அவன் அந்த ஆளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு விரல் ரேகை. கண் கொடுக்கவில்லை. மூக்கு கொடுக்கவில்லை. கழுத்திலிருந்து உச்சிவரை நீல வரிகள், வட்டத்துக்குள் வட்டமாக, நெருக்கமாக, அவனுடைய சொந்த வரிகள். குறுக்கே, கீழ்ப்பாதியில், பிளேடுத் தழும்பு.

முகம் அவன் பக்கம் குனிந்தது.

தழும்பு திறந்தது. உள்ளே பல் இல்லை, நாக்கு இல்லை. விளிம்புவரை நீலத் தண்ணீர்.