மெய்க்குடி

டைட்டன் நிலவின் தென்கரைக் குடியிருப்பில், மாதத்தின் முதல் தேதி காலைப் பலகாரத்துக்கு முன்னால் வீட்டிலுள்ள இளையவர்களின் கற்பனையை அளந்துவிடுவார்கள். நாம் காய்ச்சல் பார்ப்பதைப்போல அங்கே அது சாதாரணக் காரியம். புனைவளவி என்னும் மெல்லிய பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு, நூறு எண்ணும்வரை உட்கார்ந்தால் போதும். கண்ணெதிரே இல்லாததை மனம் எவ்வளவு உண்டாக்குகிறது என்று எண்ணாகச் சொல்லும். அது என்னவென்று மங்கலான படமாகவும் காட்டும். பத்துக்குள் இருந்தால் நல்லது. பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதே அந்த எண்ணைத்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. குடியிருப்பின்மேல் கவிழ்ந்து மூடியிருக்கும் கண்ணாடிக் கூரைக்கு வெளியே, மூச்சுக்கு உதவாத உறைகாற்று. கூரையில் எங்காவது கசிகிறதா என்று காது கொடுத்துக் கேட்டிருப்பது கசிவுக் காவலரின் வேலை. எழுபது வருஷத்துக்கு முன்பு ஒரு காவலர், இல்லாத சீறலைக் கேட்டு ஒரு பகுதியின் இடைக்கதவுகளை இறக்கிவிட்டார். கதவு இறங்கினால் அப்பகுதிக்குப் போகும் காற்றும் நின்றுபோகும். முப்பத்தொரு பேர் மாண்டார்கள். அன்றுமுதல் கற்பனை குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமே காவல் வேலை. அவர்கள் வீட்டு நிலைக்கதவில் ‘மெய்க்குடி’ என்று செம்புப் பட்டயம் அடித்துக் கொடுத்தார்கள்.

சங்கரநயினார் வீட்டுப் பட்டயத்துக்கு மூன்று தலைமுறை வயது. அவருக்கு அறுபத்து நான்கு. முப்பது வயதில் கடைசியாக அளந்தபோது அவருடைய எண் மூன்று. முப்பதுக்குமேல் யாரையும் அளப்பதில்லை. அந்த வயதுக்குள் கற்பனை தானாக வற்றிவிடும் என்பது பெரியவர்களின் முடிவு. உள்ளதை உள்ளபடி பார்க்கிறவன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். யாரும் மறுத்ததில்லை.

அவருடைய ஒரே மகள் உலகம்மை, இருபத்து மூன்று வயது, கசிவுக் காவலில் இருந்தாள். அந்த மாதம் அவளுக்கு வந்த எண் நாற்பத்தொன்று.

சங்கரநயினார் பட்டையை அவிழ்த்துத் துடைத்து மறுபடி கட்டினார். அதே எண். திரையில் ஒரு பெண்ணின் உருவம் புகைபோல அசைந்தது. போன வருஷம் நோயில் இறந்துபோன அவருடைய மனைவி கோமதி. அடுப்படியில் நின்று எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மைகூட பேசுதேன்பா, அவ்வளவுதான்,” என்றாள் உலகம்மை. “நமக்கு வாய்க்கிறது பாசிமாவு தோசைதானே. அம்மை வந்து தேங்காய்ப்பால் சொதி ஊத்துதான்னு நினைச்சிக்கிட்டா உள்ளே இறங்குது.”

தேங்காயை அவளும் பார்த்ததில்லை, அவள் அம்மையும் பார்த்ததில்லை.

அன்றே அவர் மகளின் காவல் குறிப்பேட்டைப் புரட்டினார். முன்பக்கமெல்லாம் ஒழுங்காக நேரமும் அழுத்தமும். பின்பக்கங்களில் கதைகள். டைட்டனைப்போல மீத்தேனாக இல்லாமல், தண்ணீரே மழையாகப் பெய்யும் ஓர் ஊர். குடை மறந்துபோன ஒரு வாத்தியார். நனைந்த தலையைத் துவட்டிவிட ஆளில்லாமல் அவர் வாசலிலேயே நிற்பது. குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஓய்வு வேளையில் அவள் இவற்றைச் சொல்லிவந்தாளாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவர் ஒருவரைத் தவிர.

வீட்டுப் பட்டைகளின் எண்கள் தாமாகப் போய்ச்சேரும் அளவகத்தின் அதிகாரி மரியபுஷ்பம் நல்ல பெண். இரண்டு வழி இருப்பதாக எடுத்துச் சொன்னாள். உலகம்மை காவலைவிட்டுப் பயிர்க்கூடத்துக்கு மாறிக்கொள்ளலாம். பதிவேட்டில் ‘புனைவர்’ என்று எழுதுவார்கள், சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. பட்டயம் மட்டும் இறங்கும். இல்லையென்றால் புனைவுநீக்கம். பத்து நிமிஷ வேலை, வலி கிடையாது. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

பயிர்க்கூடத்துக்கே போகிறேன் என்றாள் உலகம்மை. சங்கரநயினார் மூன்று நாள் அவளுடன் பேசவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தொடாமலே சொன்னார்.

“நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எந்த முகத்தோட போவேன்? உன் மாமன் பிச்சையா வீட்டுல என்ன பேசுவாங்க?”

“மாமா ஒண்ணும் சொல்லலியேப்பா.”

“சொல்லுவான்.”

“சொன்னதுக்கப்புறம் வருத்தப்படலாமே.”

“உனக்குத் தெரியாதுட்டி. எனக்குக் கேக்குது.”

உலகம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தார். பிறகு தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்து, “சரிப்பா, செஞ்சிக்கிடுதேன். முதல்ல சாப்பிடுங்க,” என்றாள். அவர் சாப்பிட்டார்.

புனைவுநீக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் மறுநாளே காவலுக்குப் போனாள். எண் பூஜ்யம். தோசையைத் தின்றாள், நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, நன்றாயில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் குறிப்பேட்டின் பின்பக்கங்களைக் கொண்டுவந்து காட்டினாள்.

“இது என் கையெழுத்துதான். ஆனா இந்த ஊர் எங்கேயும் இல்லியேப்பா. நான் எதுக்கு இப்படிப் பொய் எழுதினேன்?”

கேட்டுவிட்டு அவளே அந்தப் பக்கங்களைக் கிழித்துக் காகிதக் கூழ்த்தொட்டியில் போட்டாள். கோமதி இறந்த அன்று வீட்டில் இருந்ததே ஒரு வெறுமை, அதைவிடப் பெரியதாக ஒன்று அவரைச் சூழ்ந்தது. இருந்தும் வாசலில் பட்டயம் இருந்தது. அந்த வாரம் பிச்சையா வீட்டு நிச்சயதாம்பூலத்துக்கு நிமிர்ந்த தலையோடு போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பந்தியில் பிச்சையா மட்டும் பக்கத்தில் வந்து குனிந்தார். “மருமவ இப்பல்லாம் கதை சொல்ல மாட்டேங்காளே அத்தான். பிள்ளைங்க தேடுது.”

குத்திக் காட்டுகிறான் என்று சங்கரநயினார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

ஒரு குடும்பத்தில் புனைவுநீக்கம் நடந்தால், பட்டயத்தைப் புதுப்பிக்கக் குடும்பத் தலைவரையும் ஒருமுறை அளக்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. வெறும் சடங்குதான். சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக அவர் அளவகத்துக்குப் போனார். உலகம்மை துணைக்கு வந்தாள். மரியபுஷ்பம் பட்டையைக் கட்டி, நூறு எண்ணி, எண்ணைப் பார்த்தாள். கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் அதுவே வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

“அண்ணாச்சி, இந்த அளவகம் இதுவரைக்கும் இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்ல.”

“கருவியைச் சரிபாரும்மா.”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். புகையே இல்லை, கண்ணால் காண்பதைப்போல அத்தனை தெளிவு. ஒரு பெரிய கல்யாண மண்டபம். வரிசை வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவருக்கும் முகம், புடவைக்கரை, மோதிரம். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நடுவே சங்கரநயினார் தனியாக நின்றார்.

“முன்வரிசையில இருக்கிற இவங்க யாரு?”

“என் பெரியம்மை.”

“இருக்காங்களா?”

“இறந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு.”

“இவர் பிச்சையா அண்ணாச்சிதானே? என்ன சொல்லுதாரு?”

“சங்கரநயினார் மகளுக்குப் புத்தி சரியில்லையாம், அந்த வீட்டுல இனி யாரு சம்பந்தம் பண்ணுவாங்கன்னு சொல்லுதான்.”

“எப்போ சொன்னாரு?”

சங்கரநயினார் வாயைத் திறந்தார். யோசித்தார். நிச்சயதாம்பூலம், திருவிழா, கோமதியின் பதினாறாம் நாள் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்.

“சொன்னதில்ல,” என்றார்.

“இத்தனை பேருல யாராவது?”

அவர் திரையில் முகம் முகமாகப் போனார். கடைசி வரிசைவரை போனார். பிறகு துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

முப்பது தாண்டியவர்களைச் சட்டம் ஒன்றும் செய்யாது என்று மரியபுஷ்பம் மெதுவாகச் சொன்னாள். பட்டயம் அப்படியே இருக்கும். இந்த எண் வெளியே போகாது. குடியிருப்பில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து அளந்தால் என்ன வரும் என்று தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மகளிடமிருந்து எடுத்ததைத் திருப்பி வைக்க ஏதேனும் வழி உண்டா என்று கேட்டார். கிடையாது என்று முன்பே சொன்னதை அவள் இன்னொரு முறை சொன்னாள்.

உலகம்மை சுவரோரம் நாற்காலியில் கைகளை மடிமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். சங்கரநயினார் எழுந்துபோய் அவள் முன்னால் நின்றார். வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

“உலகு, அப்பா மேல கோவமா?”

அவள் நேர்மையாக யோசித்தாள்.

“கோவப்படணும்னா இது வேற மாதிரி நடந்திருக்கலாம்னு நினைச்சிப் பாக்கணும்ல. எனக்கு அது வரலப்பா.”

மன்னிப்பும் அப்படியே அவளுக்கு வராது என்பது அவருக்குப் புரிந்தது. மகளின் தலையைத் தொடக் கை நீண்டது. பாதியில் நின்றது. அளவகத்தின் முன்கதவு கண்ணாடிக் கதவு. அவர் அதைப் பார்த்துவிட்டார்; கையை இறக்கினார்.

“பின்னால ஒரு வழி இருக்காம்மா?” என்று மரியபுஷ்பத்தைக் கேட்டார்.

உலகம்மை எழுந்து கதவருகே போய், தெருவின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு வந்தாள்.

“வெளியில யாருமே இல்லப்பா,” என்றாள்.

சங்கரநயினார் துண்டை உதறித் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டு, பின்வாசல் பக்கமாக நடந்தார்.