ஷட்டருக்கு அடியில் நான்கு விரல்

தோட்டத்து மோட்டார் ரூமில் எல்லாவற்றின் மேலும் தூசி படிந்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர. ஷட்டரை ஒட்டிய தரையில், ஓர் ஆள் குப்புறப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடம் மட்டும் சுத்தமாகக் கிடந்தது. நாய் ஏதாவது வந்து படுத்திருக்கும் என்று தங்கப்பாண்டியன் நினைத்துக்கொண்டான். பூட்டிய ரூமுக்குள் நாய் எப்படி வரும் என்று அவன் யோசிக்கவில்லை.

அவன் கண் முழுக்க மூலையில் நின்ற வண்டி மேல்தான். இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்த, அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். வீரபாண்டியின் வண்டி. தங்கப்பாண்டியன் பெண்டாட்டி மாரீஸ்வரிக்கு முறைமாப்பிள்ளை அவன். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்த ஓர் ஆடி மாதத்தில், காற்று மண்ணை வாரியடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிட்டு இதே ரூமுக்குள் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தவன், புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் மாரீஸ்வரியைத் தங்கப்பாண்டியனுக்குக் கட்டிவைத்தார்கள். திராட்சைத் தோட்டம் அவள் பங்காக வந்தது. தோட்டத்தோடு இந்த வண்டியும் வந்தது.

கட்டிய நாளிலிருந்து அவள் அவனுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் "ஏங்க" என்று கூப்பிடுவாளே தவிர, ஒரு நாளும் "மாமா" என்று கூப்பிட்டதில்லை. அது வேறொருவனுக்கு உரிய சொல் என்பது அவனுக்கும் தெரியும். இந்த வண்டி இங்கே சாமி மாதிரி நின்றுகொண்டிருக்கும்வரை பெண்டாட்டி தனக்கு முழுசாக இல்லை என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். இதை ஓடவைத்து, அவளைப் பின்னால் உட்காரவைத்து, ஆடிச் சனிக்கிழமை ஊரே பார்க்கும்படி குச்சனூர்க் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதோடு செத்தவன் சங்கதி முடிந்துவிடும்.

"அதத் தொட வேணாங்க," என்றாள் மாரீஸ்வரி காலையில்.

"இரும்புதான ஈஸ்வரி. பெட்ரோல் ஊத்துனா எவனுக்கும் ஓடும்."

மத்தியானச் சோற்றைத் தோட்டத்துக்கே கொண்டுவருவதாக மட்டும் சொன்னாள்.

டேங்கில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தாயிற்று. கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு டயரும் புதிதாக மாட்டியாயிற்று. வெளியே ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி, திராட்சைப் பந்தலின் கம்பிகளை மீட்டிக்கொண்டு, இலைகளைப் புரட்டிக்கொண்டு, ராயப்பன்பட்டிக் கோயில் மணியைக் கொஞ்சம் கொண்டுவந்து கொஞ்சம் தொலைத்துக்கொண்டு ஓயாமல் அடித்தது. உள்ளே மருந்து அடிக்க வாங்கிவைத்த மயில்துத்தத்தின் வாடையும், கந்தகத்தின் நெடியும், இறக்கிய பழைய பெட்ரோலின் புளித்த வீச்சமும் கலந்து தொண்டையில் ஒட்டின.

உத்தமபாளையத்து மெக்கானிக் சதாம் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "அண்ணே, வெளிய தள்ளிட்டு வந்து உதைங்க. உள்ள வச்சு மட்டும் உதைக்காதீக."

அப்படித்தான் செய்ய நினைத்தான். ஆனால் காற்று மண்ணை அள்ளி அள்ளி இன்ஜின் மேல் கொட்டியது. ரெண்டே நிமிஷம், சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திறந்துவிடலாம் என்று ஷட்டரை இறக்கினான். கீழே நான்கு விரல் இடைவெளி மட்டும் விட்டான்.

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு ஒரு இருமல். மூன்றாவது உதைக்குக் கிக்கர் சுலபமாக இறங்கியது, இன்னொரு கால் கூடச் சேர்ந்து மிதித்ததுபோல.

வண்டி பிடித்துக்கொண்டது. இரண்டு சைலன்சரும் வெள்ளைப் புகையைத் துப்பின. தங்கப்பாண்டியனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆசைதீர முறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தான்.

வண்டி அணையவில்லை.

பெட்ரோல் குழாயை மூடினான். ஓடியது. பிளக்கின் மூடியைப் பிடுங்கினான். கையில் அந்த மூடியோடு நின்றான். ஓடியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டர் மெல்லத் திருகி, மெல்லத் திரும்பியது.

ஷட்டருக்கு ஓடினான். காற்று தகட்டை உள்பக்கமாக நெட்டி, இரும்புக் காடியில் இறுக்கியிருந்தது. தூக்கினான். உதைத்தான். அசையவில்லை. வௌவாலுக்குப் பயந்து ஜன்னலையும் எப்போதோ செங்கல் வைத்துப் பூசிவிட்டிருந்தார்கள். போன் வெளியே ஸ்கூட்டரில். பல்பு புகைக்குள் மஞ்சள் பொட்டாகச் சுருங்கியது. தலை கனத்தது. காற்று வரும் ஒரே இடம் அந்த இடைவெளிதான். குப்புறப் படுத்து மூக்கை அங்கே வைத்தான். ஈர மண் வாசனை. உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தான்.

அப்போது இரண்டு கால்கள் வந்து நின்றன. பச்சைச் சேலைக் கரை. பக்கத்தில் தூக்குச்சட்டி இறங்கியது.

"ஏங்க, சோறு கொண்டாந்திருக்கேன். இங்கனயா இருக்கீக?"

கத்தினான். வாயில் புகைதான் வந்தது.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அவன் குரல்தான்.

"வாரேன் மாரி. தள்ளி நில்லு."

அவன் அவளை ஒரு நாளும் மாரி என்று கூப்பிட்டதில்லை. வீரபாண்டி போன பிறகு யாருமே அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் கால்கள் அசையவில்லை. விரல்கள் செருப்புக்குள் மடங்கின.

"சரி மாமா," என்றாள்.

சத்தம் நின்றது. அடுத்த நொடி அதே சத்தம் வெளியே கேட்டது.

திரும்பிப் பார்த்தான். புகை. தரையில் ஆயில் கறை. வண்டி இல்லை. ஷட்டர் இம்மிகூட ஏறவில்லை.

இடைவெளியில் புது டயர் வந்து நின்றது. அவன் மாட்டிய டயர். அதன் பக்கத்தில் ஒரு கால் ஊன்றியது. வார் அறுந்து கம்பி கட்டிய அவனுடைய செருப்பு. கட்டைவிரலில் அவனை மண்வெட்டி வெட்டிய அதே தழும்பு. தன் காலைத் தடவிப் பார்த்தான். வெறுங்கால். தழும்பைத் தேடினான். இல்லை.

கையை நீட்டினான். நான்கு விரலும் வெளியே போயின. சேலைக் கரையைப் பிடித்தான். ஈஸ்வரி. ஈஸ்வரி.

அவள் குனிந்தாள். முள்ளில் மாட்டிய துணியை எடுப்பதுபோல, பொறுமையாக, கரையை அவன் விரலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

தூக்குச்சட்டி மேலே போனது. அவள் கால் புட்ரெஸ்ட்டில் ஏறியது.

சத்தம் குச்சனூர்ப் பக்கமாகத் தேய்ந்தது. பிறகு காற்று மட்டும்.

பல்பு அணைந்தது. இருட்டில் தரையைத் துழாவினான். அவன் படுத்திருந்த இடத்தில் தூசி இல்லை. தலைமாட்டிலிருந்து கால்வரை, சரியாக அவன் அளவு. இடைவெளியின் விளிம்பில் சிமெண்டைத் தடவினான். யாரோ நெடுநாள் சுரண்டிச் சுரண்டித் தேய்த்த பள்ளங்கள். நான்கு.

அவன் விரல்கள் நான்கும் அவற்றில் சரியாக உட்கார்ந்தன.