கைப்பிடி இல்லாத கதவு

நேற்று மாலை வண்டிக் கதவில் பூட்டிய கைப்பிடியை இன்று மாலை காணவில்லை.

வெர்னன் கோல்ஸ்டன் அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை. கண்ணை நம்புகிற வயதை அவர் தாண்டி வெகுநாளாகிறது. கொட்டகை விளக்கைப் போடுவதற்கு முன்பே, வழக்கம்போல வண்டியின் முன் மட்கார்டில் உள்ளங்கையை வைத்து, குதிரையைத் தடவுகிற மாதிரி பின்பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தார். மெழுகு மணம். பழைய எண்ணெய் மணம். கூரைத் தகரத்தில் கான்சஸ் சமவெளியின் காற்று சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தது. கை கதவுக்கு வந்தது. விரல்கள் இடிக்கவேண்டிய இடத்தில் இடிக்காமல், அப்படியே வழுக்கிக்கொண்டு கதவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விட்டன.

விளக்கைப் போட்டுப் பார்த்தார். கைப்பிடி இல்லை. அதற்காகப் போட்ட இரண்டு துளைகளும் இல்லை. கறுத்த செர்ரிப் பழ நிறத்தில் கதவு பளபளவென்று நின்றது, அதில் அவர் முகம் கத்தரிக்காய் மாதிரி நீண்டு தெரிந்தது. துளை போட்டபோது உதிர்ந்த பெயின்ட் செதில்கள் மட்டும் தரையில் கிடந்தன.

கைப்பிடி உள்ளே இருந்தது. இருக்கையில், மனைவி நோரீன் உட்காரும் பக்கத்தில்.

எதிர்வீட்டுக் கஸ் வேலையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினார். தானியக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கஸ், அந்த ஊரின் பெரிய புளுகர். இங்கே வீசுகிற காற்றில் தபால்காரர் வேலையே மிச்சம், பக்கத்து ஊரில் நின்று கடிதங்களை மேலே வீசினால் போதும், அதது அதனதன் பெட்டியில் வந்து விழும் என்று வெளியூர்க்காரர்களிடம் சத்தியம் செய்வார். ஒருமுறை வெர்னின் வண்டியில் உயிருள்ள வான்கோழி ஒன்றை உட்காரவைத்து சீட்பெல்ட்டும் போட்டுவிட்டுப் போனவர்.

ஆனால் கஸ் வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நான் பண்ணியிருந்தா இந்நேரம் ஊர் பூரா சொல்லியிருப்பேன்டா. ஓட்டைய அடைச்சு, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சு, ஒரே ராத்திரியில காயவெச்சு... அவ்வளவு வேல தெரிஞ்சவனா இருந்தா என் வண்டி ஏன்டா அந்த லட்சணத்துல நிக்குது?"

அது நியாயமான கேள்வி.

அந்த வண்டி நாற்பத்தொன்பதாம் வருடத்து பிக்கப். ஒரு பண்ணையில் கோழிகள் குடியிருந்த கூடாக வந்தது. கோழிகளைக் கிளப்பிவிட்டு வெர்ன் குடியேறினார் என்று நோரீன் சொல்வாள். பெரிய எஞ்சினைத் திணித்தார். அச்சைத் தாழ்த்தினார். பிறகு, இந்தப் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் செய்வதுபோல, கூரைத் தூண்களை நான்கு விரற்கடை வெட்டியெடுத்துக் கூரையை இறக்கிப் பற்றவைத்தார். ஜன்னல்கள் தபால்பெட்டியின் வாய் அளவுக்குச் சுருங்கின. நோரீன் உயரமானவள். "கூரைய வெட்டினதுக்குப் பதிலா என் கழுத்த வெட்டியிருக்கலாம், செலவு கம்மி" என்றாள். அன்றிலிருந்து அந்த வண்டியில் அவளால் நிமிர்ந்து உட்கார முடியாது. வெர்னின் தோளில் தலைசாய்த்துத்தான் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கோதுமை வயல்களுக்கு நடுவே அப்படிப் போவதைப் பார்த்து, இந்த வயதிலும் என்ன காதல் என்று ஊரே பெருமூச்சுவிட்டது. வெட்டுவதற்கு முன் அவள் உட்கார்ந்தால் தலை எங்கே வரும் என்று வெர்ன் ரகசியமாக அளந்து வைத்திருந்தார் என்பது ஊருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கூரைத் துணியில் அவள் கொண்டையூசிகள் கீறிய பிறைக்கோடு இன்னும் இருக்கிறது.

கைப்பிடிகள் வெர்னுக்குப் பிடிக்காது. அழகான முகத்தில் மரு மாதிரி என்பார். வெளியிலும் உள்ளேயும் எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை அடைத்து, இழைத்து விட்டார். வெளியிலிருந்து திறக்க, கால் வைத்து ஏறும் பலகைக்கு அடியில் ஒளித்துவைத்த ஒரு பொத்தான். உள்ளிருந்து திறக்க, டேஷ்போர்டுக்கு அடியில் ஒன்று. அழுத்தினால் டக்கென்று கதவு விரல் நுழையும் அளவுக்குத் திறந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடி உட்பட எல்லாம் பேட்டரியின் தயவு. பேட்டரி செத்துப்போனால் இழுக்க அடியில் ஒரு கம்பியும் வைத்துவிடு, எல்லாரும் வைக்கிறார்கள் என்று கஸ் சொன்னார். அடுத்த வாரம் வைக்கிறேன் என்றார் வெர்ன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

ஜூலை மாதம் வந்தது. பொருட்காட்சித் திடலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, நாள்பூராவும் ஒருவர் எஞ்சினை மற்றவர் மனசுக்குள் திட்டிக்கொண்டே வாயால் புகழும் அந்தச் சனிக்கிழமை. புழுதிக்காற்றுக்குப் பயந்து நோரீன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மின்விசிறியையும் ரேடியோவையும் போட்டுக்கொண்டு, குறுக்கெழுத்துப் புதிரோடு உள்ளே உட்கார்ந்தாள். வெர்ன் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பை சாப்பிடப் போனார். போன இடத்தில் பக்கத்து மாநிலத்து நெப்ராஸ்காக்காரர் ஒருவரோடு கார்புரேட்டர் விஷயமாகத் தர்க்கம். விசிறியும் ரேடியோவும் பேட்டரியை உறிஞ்சிக் குடித்துவிட்டன. கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை. தலைக்கு மேலே ஜூலை வெயில்.

வெர்ன் எல்லாரிடமும் சொன்னது இதுதான்: வந்தேன், பொத்தானை அழுத்தினேன், வேலை செய்யவில்லை, ஓடிப்போய் நெம்புகம்பி எடுத்துவந்தேன், நெம்பினேன், கஸ் சுத்தியலோடு வந்து கண்ணாடியை உடைத்தான். அவள் கண் மூடியிருந்தது. அவ்வளவுதான்.

மருத்துவமனையில் இளவயது டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க வண்டிகிட்ட வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சுங்க. அவங்க எதையும் பாத்திருக்கவே மாட்டாங்க."

அந்த வாக்கியத்தை ஊன்றிக்கொண்டுதான் வெர்ன் நடமாடினார். துக்க வீட்டுக்கென்று சர்ச் பெண்கள் கொண்டுவந்து குவித்த நூடுல்ஸை அதை வைத்துத்தான் விழுங்கினார். இரவில் அதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தார். அந்த வாக்கியம் பொய்யானால் தான் உயிரோடு இருக்கமுடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இலைகள் உதிர்ந்து முடிந்ததும், உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதிது போட்டு வண்டியைக் கொட்டகையில் அடைத்து, பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். இதுவரை வாங்கவே மனம் வராத பழைய குரோமியக் கைப்பிடி ஒன்றை வாங்கி, நோரீன் பக்கக் கதவில் துளைபோட்டுப் பூட்டினார். யாருக்காக என்று கஸ் கேட்கவில்லை.

அதுதான் காணாமல் போனது. பேட்டரியை மாட்டிக் கதவைத் திறந்து அதை எடுத்து, மறுபடி துளைபோட்டுப் பூட்டிவிட்டு, பேட்டரியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அன்று இரவு அடுப்பில் சூப் சுடவைத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் மோதிரம் தட்டும் சத்தம். டிக், டிக், டிக். கொட்டகையில் வேலையாக இருக்கும் அவரைச் சாப்பிடக் கூப்பிட நோரீன் சமையலறை ஜன்னலில் அப்படித்தான் தட்டுவாள்; கத்திக் கூப்பிட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்பாள். வெர்ன் கரண்டியோடு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். சமையலறை ஜன்னல் சும்மா இருந்தது. சத்தம் அங்கேயிருந்து வரவில்லை. முற்றத்தைத் தாண்டி, கொட்டகையிலிருந்து, இந்தப் பக்கமாக வந்தது.

டிக், டிக், டிக்.

சூப் பொங்கி அடுப்பை அணைத்தது. அவர் போகவில்லை. விடியும்வரை நாற்காலியில் இருந்துவிட்டு, வெயில் நன்றாக ஏறின பிறகுதான் போனார். கதவு வழவழவென்று இருந்தது. உள்ளே இருக்கையில் இப்போது கைப்பிடி தனியாக இல்லை. அதன் பக்கத்தில் சிவப்புத் துணி ஒன்று, நான்காக மடித்து, ஓரங்கள் ஒட்ட நீவி வைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக்குகள் கால்சட்டைப் பின்பையில் செருகிக்கொள்ளும் சாதாரணத் துணி. அந்த நீவல் நோரீனுடையது. துணி, வெர்ன் ஜூலையிலேயே தோட்டத்துப் பீப்பாயில் போட்டு எரித்த துணி.

வெர்ன் யாரிடமும் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. நெம்புகம்பியைக் கொண்டுவந்ததற்கும் நெம்பியதற்கும் நடுவில் அவர் ஒரு காரியம் செய்தார். கம்பியின் நுனியில் அந்தத் துணியைச் சுற்றினார்.

பெயின்ட் போய்விடக்கூடாது என்று.

யோசித்துச் செய்ததில்லை. வருடக்கணக்காகப் பழகின கை. அந்த வண்டிக்குப் பக்கத்தில் இரும்பை எடுத்தால் முதலில் துணியைச் சுற்றும் கை. கண்ணாடியை உடைக்கலாம் என்று அதற்குத் தோன்றவே இல்லை. அந்தச் சின்ன ஜன்னலுக்கென்று வெட்டிச் செய்த கண்ணாடி.

கஸ் அதைப் பார்த்தார். பார்த்ததை இன்றுவரை சொன்னதில்லை. ஊரிலுள்ள எல்லாவற்றையும் பற்றிப் புளுகுகிற மனிதர், நடந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

வெர்ன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கஸ். கண்ணாடிய உடைச்சப்போ அவ கண்ணு மூடியிருந்துச்சா?"

கஸ் கையிலிருந்த காபிக் கோப்பையைப் பார்த்தார். "டாக்டர் என்னடா சொன்னாரு?"

"டாக்டரக் கேக்கல. உன்னக் கேக்கறேன்."

"மூடியிருந்துச்சு" என்றார் கஸ்.

நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் சொல்லிக் கேட்ட புளுகுகளிலேயே இது ஒன்றுதான் நன்றாக வரவில்லை.

நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சத்தம் ஆரம்பித்தது. வெர்ன் கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். உறைபனி காலடியில் நொறுங்கியது. கொட்டகைக்குள் நுழைந்து விளக்கைத் தொடுவதற்குள் தட்டல் நின்றுபோனது. நோரீன் பக்கக் கதவு, டக், என்றது.

விரல் நுழையும் அளவுக்குத் திறந்து நின்றது.

பேட்டரி அலமாரியில் இருந்தது. கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் பேட்டரியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவள் தலையில் தெளித்துக்கொள்ளும் ஸ்ப்ரேயின் இனிப்பு மணமும், அதற்கடியில் வெயிலில் வெந்த ரப்பர் மணமும் வந்தன. ஓடியிருக்கலாம். கஸ் வீட்டு விளக்கு எரிவது தெரிந்தது. ஆனால் அவர் கேட்கவேண்டிய கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருத்தி அங்கே இல்லை, இங்கே இருந்தாள்.

"நோரீன்" என்றார். "நீ பாத்தியா?"

குனிந்து உள்ளே ஏறி, அவள் இடத்தில் உட்கார்ந்தார். கூரை தலையில் இடித்தது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டார்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

டேஷ்போர்டுக்கு அடியில் துழாவினார். பொத்தான் இருந்தது. அழுத்தினார். ஒன்றுமில்லை. கதவைத் தடவினார். வழவழ. எவ்வளவு அழகாக இழைத்திருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று கையை வெடுக்கென இழுத்துக்கொண்டார்.

சூடு.

நவம்பரில் சூடு. கோட்டைக் கழற்றினார். இருக்கை தொடையைச் சுட்டது. மூச்சு இழுத்தால் காற்று வரவில்லை, வெந்நீர் வந்தது. கண் இருண்டு, தெளிந்தது. ஜன்னலில் இருட்டு இல்லை. வெள்ளை வெயில். புழுதி. தூரத்தில் எங்கோ சிரிப்பு.

ஒரு ஆள் வந்தான்.

தாடையில் செர்ரிப் பையின் சிவப்பு ஒட்டியிருந்தது. கதவில் கை வைத்தான். குனிந்தான், பலகைக்கு அடியில் அழுத்தினான். மறுபடி அழுத்தினான். இரண்டு உள்ளங்கைகளும் வெளியே தகரத்தில் வழுக்கி வழுக்கித் தேய்வது உள்ளே கேட்டது. ஓடினான்.

வெர்ன் கையைத் தூக்கினார். ஒரு மலையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினார்.

டிக்.

அந்த ஆள் கம்பியோடு வந்துவிட்டான். கம்பியை ஓங்கினான்.

நிறுத்தினான்.

டிக். டிக். இங்கே பார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்.

அவன் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தான். விளிம்பைப் பார்த்தான், பெயின்டைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில் இருக்கும் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கண் மூடியிருந்தது என்று ஊரெல்லாம் சொல்லப்போகிறவன்.

வெர்னின் தோளில் பாரம் ஒன்று சாய்ந்தது. கொண்டையூசி காதோரத்தில் கீறியது. பழக்கமான பாரம். அதுவும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் பின்பையிலிருந்து சிவப்புத் துணியை உருவினான். உதறினான். கம்பியின் நுனியில் ஒரு சுற்று. சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவினான். இன்னொரு சுற்று. நுனியைச் செருகிப் பார்த்தான். திருப்தியில்லை. பிரித்தான்.

மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தான்.