விரல் வைத்த பக்கங்கள்

அந்தப் புத்தகத்தில் 'நீ' என்றுதான் எழுதியிருந்தது என்று டெய்சிக்கு நினைவு. ஆனால் அந்த நினைவு சரிதானா என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. சின்ன வயதில் தம்பி சாமுவேலுக்கு அவள்தான் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நீ மலையேறுகிறாய், உன் கையில் தீப்பந்தம் இருக்கிறது, இடப்பக்கம் போவதானால் இந்த எண் பக்கத்துக்குப் போ, வலப்பக்கம் போவதானால் அந்த எண்ணுக்குப் போ. முப்பது வருடம் கழித்து, காந்தி பஜார் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டு ஒன்றிலிருந்து சாமுவேல் அதை உருவிக்கொண்டு வந்தான். அட்டை போயிருந்தது. மற்றபடி அதே பழுப்புத் தாள், அதே எலிப்புழுக்கை வாடை, மூக்கை மட்டும் தப்பாக வரைந்த அதே படங்கள். ஆனால் வரிக்கு வரி 'அவன்' என்று இருந்தது. அவன் மலையேறுகிறான். அவன் கையில் தீப்பந்தம் இருக்கிறது.

"அப்பவே அப்டித்தான் இருந்திருக்கும்க்கா. நீதான் எனக்கோசரம் மாத்திப் படிச்சிருப்ப," என்றான் சாமுவேல்.

இருக்கலாம். சின்னப் பையனிடம் 'அவன்' என்று படித்தால் யார் கேட்பார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் கட்டிலில் கவிழ்ந்து படுத்துப் பாதிப் புத்தகம் படித்தார்கள். நாற்பத்தைந்து வயது அக்காவும், எலெக்ட்ரிக் கடையில் வேலை செய்யும், தலை நரைக்கத் தொடங்கிய தம்பியும். பழைய வழக்கம் மாறவில்லை. டெய்சி படிப்பாள். வழி பிரியும் இடத்தில் சாமுவேல் ஒரு விரலைப் பக்கத்துக்குள் நுழைத்துக்கொள்வான். தேர்ந்தெடுத்த வழியில் போய் ஆள் செத்துப்போனால், விரல் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து, சாகவே சாகாதது போல வேறு வழியில் போவார்கள். விரல் வழுக்கி வெளியே வந்துவிட்டால் அந்த இடம் போச்சு. அது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். சின்ன வயதில் ஒரு நாள் டெய்சியின் ஒரு கையும் சாமுவேலின் ஒரு கையும் முழுக்கப் புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்டு, பக்கம் திருப்ப ஆளில்லாமல், மூக்கால் திருப்பினார்கள்.

"படிக்கிற வயசுல ரெண்டு பேரும் இப்டிப் படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருக்கலாம்," என்றாள் சாமுவேலின் மனைவி மரியசெல்வி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "அண்ணி, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொல்றேன் இரு செல்வி, இவன் இப்பத்தான் பாம்பு கடிச்சி செத்தான். பொழைக்க வச்சிட்டு வரேன்."

புத்தகத்தில் வரும் மலை ஊரை ஒட்டி நிற்கும் சந்திரகிரிதான் என்று அந்த வயதில் இருவரும் முடிவு செய்திருந்தார்கள். பக்கத்து ராஜகிரிக் கோட்டைக்கு டிக்கெட் உண்டு, கூட்டம் உண்டு, குரங்கு உண்டு. சந்திரகிரிக்கு எதுவும் கிடையாது. முள்ளும் பாறையும் இடிந்த மதிலும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, "புக்குல வர்ற நம்ம குகை இன்னும் இருக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று சாமுவேல் கிளம்பினான். நீலக் கட்டம் போட்ட சட்டை. காலில் ரப்பர் செருப்பு.

பொழுது சாய்ந்தும் அவன் வரவில்லை. ஜெபமாலை மாதம் என்பதால் பக்கத்து அருள்சாமி வீட்டுக்கு மாதா சுரூபத்தைத் தூக்கிவந்து வைத்திருந்தார்கள். மரியசெல்வியும் தெருப் பெண்களும் அங்கே போயிருந்தார்கள். ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடிக்க, ஏறி இறங்கும் அந்த ஜெபம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது, நடுவில் ஒரு கிழவரின் இருமல், ஒரு குழந்தையை யாரோ "உக்காருடி" என்று அதட்டும் குரல், ஊதுவத்தி வாடை, அதற்கும் மேலே ஈரமண் வாடை. மலைக்குப் பின்னால் மேகம் கறுத்து, மலை எது மேகம் எது என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகிக்கொண்டிருந்தது. டெய்சி விளக்கைப் போட்டாள். மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. கையில் எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தை எடுத்து, நேற்று விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

'மழை வரப்போகிறது. ஏறி வந்த வழியை அவன் தவறவிட்டுவிட்டான். இரண்டு பாறைகளுக்கு நடுவே சந்தில் ஏதோ வெளிச்சம் தெரிகிறது. சந்துக்குள் போவதானால் 61. பாறையைச் சுற்றிப் போவதானால் 88.'

தம்பி இல்லாததால் தன் ஆள்காட்டி விரலையே உள்ளே வைத்துக்கொண்டாள். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

"அக்கா, சிரிக்கக் கூடாது. எறங்குற வழிய வுட்டுட்டேன்."

"நல்லா தேடுனடா குகைய. செல்வி வந்தா உன்ன வுட மாட்டா."

"அவகிட்ட சொல்லாத. இங்க ரெண்டு பாறைக்கு நடுவுல சந்து ஒண்ணு இருக்குது. உள்ள லைட் மாதிரி இன்னாவோ தெரியுது. ஆடு மேய்க்கிறவங்களா இருக்கும்."

டெய்சி பக்கத்தைப் பார்த்தாள். சிரிப்புதான் வந்தது. எல்லா மலையிலும் பாறை இருக்கும், எல்லாப் பாறைக்கும் சந்து இருக்கும். "போய்க் கேட்டுப் பாரு," என்று சொல்லிக்கொண்டே 61ஐத் தேடித் திருப்பினாள்.

'உள்ளே இருந்தது வெளிச்சம் இல்லை. அவன் கதை இங்கே முடிகிறது.'

போனில் செருப்புச் சத்தம் நின்றது. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தவன் படி இல்லாமல் போகும்போது எழுப்பும் சின்னச் சத்தம். பிறகு சரளைக்கல் மேல் கனமாக எதையோ இழுப்பது போல ஒரு சத்தம், நீளமாக, அவசரமில்லாமல். பிறகு ஒன்றுமில்லை. லைன் கட்டாகவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சாமு? டேய் சாமு."

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அருள்சாமி வீட்டுக்கு ஓடியிருப்பாள். ஆனால் ஆள் செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்குப் பழக்கமாகத் தெரிந்திருந்தது. வலது கை தாள்களைப் புரட்டி, விரல் இருந்த பக்கத்தைத் திறந்தது.

போன் அடித்தது.

பக்கத்து வீட்டில் கிழவர் இருமினார். "உக்காருடி," என்றது அதே குரல். முடிந்துபோன ஜெபத்தை மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

"அக்கா, சிரிக்கக் கூடாது. எறங்குற வழிய வுட்டுட்டேன்."

"சந்துக்குள்ள போவாத. பாறைய சுத்திப் போ."

"சந்து இருக்குதுன்னு நா சொல்லவே இல்லையேக்கா?"

"சொன்னத செய்டா."

"இன்னாக்கா, ரேஷன் கடைல சரக்கு தீந்துட்ட மாதிரி டென்ஷனாவுற. சரி, போறேன்." செருப்புச் சத்தம். முள்ளில் துணி கிழியும் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான், "சந்துல ஒருத்தன் உக்காந்துனு இருக்கான்க்கா. மூஞ்சி தெரியல. என்னுது மாதிரியே சட்ட."

"பாக்காத. நட."

88. 'சுனை வருகிறது. தண்ணீர் கறுப்பாக இருக்கிறது. படிகளில் இறங்குவதானால் 140. மதில் மேல் போவதானால் 23.' நடுவிரலை அங்கே வைத்தாள். மதில் இடிந்த மதில், படிதான் பத்திரம் என்று பட்டது. "படில எறங்குடா, மெதுவா." 140இல் இரண்டே வரி இருந்தது. அவள் இரண்டாவது வரியைப் படித்து முடிப்பதற்குள் போனில் அவன் கத்தினான். விழுகிற சத்தம் ஒரு தடவையில் முடியவில்லை. ஒவ்வொரு படியாகக் கேட்டது.

நடுவிரல் இருந்த பக்கத்துக்குத் திரும்பினாள். கிழவர் இருமினார்.

"சுனைகிட்ட வந்துட்டேன்க்கா," என்றான் சாமுவேல், ஒன்றும் நடக்காதவன் குரலில். "படில எறங்கட்டா?"

"வேணாம். மதில் மேல போ. கைய ஊனிக்கினு போ."

"அழுறியா நீ?"

"இல்ல. போ."

"அக்கா." மூச்சு வாங்கியது அவனுக்கு. "பின்னாடி ரெண்டு பேரு வராங்க. கூப்ட்டா பேச மாட்றாங்க. ஒருத்தன் கால இழுத்துக்கினு வரான்."

அருள்சாமி வீட்டில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். டார்ச், வண்டி எல்லாம் இருக்கும். சன்னலில் இருந்து கத்தினால் கேட்கும். டெய்சி கத்தினாள். ஜெபம் நிற்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஓடலாம். ஓடுவதானால் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். திறக்க இரண்டு கையும் வேண்டும், புத்தகத்திலிருந்து கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் அந்த இடங்கள் போச்சு. இனி ஒரு தடவை அவன் விழுந்தால் விழுந்ததுதான்.

அவள் எடுக்கவில்லை.

மோதிர விரல். மதில் சரிந்தது. திரும்பினாள். சுண்டு விரல். புதருக்குள் ஏதோ இருந்தது. திரும்பினாள். எத்தனை முறை என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கிழவர் இருமினார். ஒவ்வொரு முறையும் சாமுவேல் முதல் தடவை பேசுவது போலப் பேசினான். பின்னால் வருகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள்.

"நாலு பேரு வராங்கக்கா."

"நடடா."

"எல்லாரும் ஒரே சட்ட."

"திரும்பாத."

"நீ எனக்கு சொல்ற வழியதான் அவங்களும் கேட்டுக்கினு வராங்க. எங்கிட்ட இருக்குற மாதிரியே அவங்க கைலயும் போன் இருக்குது."

அவள் இடது கையின் ஐந்து விரல்களும் புத்தகத்துக்குள் இருந்தன. விரித்த கை மரத்துப்போயிருந்தது. கட்டை விரலின் நுனியில் ஏதோ பட்டது. தாள்தான். தாள் அப்படிச் சூடாக இருக்காது. அவள் அசையவில்லை.

'அடிவாரம் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் தார் ரோடு தெரிகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வழி அவனுக்குத் தெரியும்.'

அதற்குக் கீழே எண் எதுவும் இல்லை.

"ரோடு வந்துட்டேன்க்கா," என்றான். சிரித்தான். "சார்ஜ் ஒரு பர்சென்ட்தான் இருக்குது. வச்சிடுறேன். ஆட்டோ புடிச்சி வரேன்."

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் ஜெபம் ஒரு வழியாக அடுத்த பகுதிக்கு நகர்ந்தது. டெய்சி கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மழைச் சத்தத்தில் ஆட்டோ வந்து நிற்பதும் கேட்டை யாரோ தள்ளுவதும் கேட்டன.

"அக்கா, நாந்தான். தொற. நனையறேன்."

சன்னல் வழியே பார்த்தாள். தெருவிளக்கின் கீழ் அவன். ஒருவன்தான். கால் நேராக இருந்தது. உடம்பில் கீறல்கள் தவிர ஒன்றுமில்லை. பின்னால் யாருமில்லை. அவள் அழுதுகொண்டே எழுந்து, கதவைத் திறப்பதற்காக, புத்தகத்திலிருந்து கையை உருவினாள். தாள்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

சாமுவேல் உள்ளே வந்தான். துண்டு கேட்டான். அணைந்துபோன தன் போனை மேசைமேல் வைத்தான். "ஒரு தடவ போன் பண்ணதுக்கா இப்டி அழுவுற? மூஞ்சிய பாரு, பேயறஞ்ச மாதிரி." சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தான்.

கட்டிலின் மேல் டெய்சியின் போன் வெளிச்சமாகக் கிடந்தது. லைன் கட்டாகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் மழை பெய்துகொண்டிருந்தது, இங்கே பெய்யும் மழை இல்லை, பாறை மேல் பெய்கிற மழை. மூச்சுகள். ஒரு மூச்சு இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக. பிறகு கால்கள், ரப்பர் செருப்பு, நிறைய, இழுத்துக்கொண்டு ஒன்று.

"அக்கா," என்றது போன், தம்பியின் குரலில். "வுட்டுட்டல்ல எங்கள. பரவால்ல. வழி தெரிஞ்சிடுச்சி. வரோம்."

சாமுவேல் அடுக்களையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

புத்தகத்தை டெய்சி அன்றே அடுப்பில் போட்டாள். அது எல்லாத் தாளையும் போல எரிந்தது. சாமுவேல் நன்றாக இருக்கிறான். எலெக்ட்ரிக் கடைக்குப் போகிறான், மலையில் வழி தவறிய கதையைக் கடையில் வேடிக்கையாகச் சொல்கிறான். டெய்சி அந்த வீட்டிலேயேதான் இருக்கிறாள், சாயங்காலத்துக்கு மேல் கதவைத் திறப்பதில்லை. மரியசெல்விக்கு எதுவும் தெரியாது. அவள் கண்ணில் எதுவும் படுவதும் இல்லை. காலையில் வாசல் பெருக்கும்போது மட்டும் அவள் துடைப்பம் சில இடங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. சருகும் மண்ணும் அங்கங்கே, ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு, அப்படியே கிடக்கின்றன. காட்டினால், "நல்லாத்தானே கூட்டியிருக்குறேன் அண்ணி," என்கிறாள்.

நேற்று அவள் கூடத்தைப் பெருக்கினாள். டெய்சியின் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஓரிடம் வந்ததும், கொஞ்சம் ஒதுங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.