சுவரோரக் குலை

லான்வென்னா தோட்டத்து வாசலில் பேருந்து நின்றபோது மணி பதினொன்று. மூன்று நாளில் இது ஏழாவது தோட்டம். தோட்டக்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் கால் ஓய்ந்து போயிருந்தது. முதல் நாள் ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் மண்டியிட்டவர்கள், இப்போது கார்ன்வால் மாவட்டத்திலேயே பெயர்பெற்ற மரங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். டாம்சின் மட்டும் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அவளுக்கு இது சுற்றுலா இல்லை, பிழைப்பு.

இங்கே ஒரு வருடப் பயிற்சி வேலை காலியாக இருந்தது. சம்பளத்தோடு தங்க அறையும் உண்டு. ஏற்கெனவே இரண்டு தோட்டங்கள் கைவிரித்துவிட்டன. வெள்ளிக்கிழமை விடுதி அறையைக் காலி செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு போக்கிடம் என்றால் அம்மாவின் புதுப் புருஷன் வீட்டுச் சோபாதான். அந்த ஆளின் முகத்தில் தினமும் விழிப்பதற்கு லான்வென்னாவில் காலமெல்லாம் சாணி அள்ளலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

தலைமைத் தோட்டக்காரர் யூரன் வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார். அறுபது வயதிருக்கும். நகக்கண்ணில் மண் இல்லாத தோட்டக்காரரை டாம்சின் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். சோப்பு வாசனை ஆளுக்கு முன்னால் வந்தது.

கருவிகள் வைக்கும் கொட்டகையில் தேநீரும், கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியும் கொடுத்தார்கள். சுவரில் வேலையாட்களின் புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. ஜோரி வாயில் பாஸ்டியோடு அதை எட்டிப் பார்த்தான்.

"ஏய், இது நம்ம சீனியர் மெரின்தானே? இந்தச் செம்பட்டை முடிய வச்சே ஒரு மைல் தூரத்துல கண்டுபிடிச்சிடலாம்."

படத்தில் மெரின் இடுப்பு வரை முடியை அவிழ்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் இந்த வேலைக்கு வந்த பொண்ணு," என்றார் யூரன். "மே மாசம் சொல்லாம கொள்ளாமப் போயிடுச்சு. பூட்ஸைக்கூட எடுத்துட்டுப் போகல."

"அவ அப்படித்தான். எந்த ஊர்ல சுத்திட்டிருக்காளோ," என்று விரிவுரையாளர் பென்ஹேல் மேடம் அலுத்துக்கொண்டார்.

ஜோரி டாம்சினின் ஒட்ட வெட்டிய தலையைத் தடவினான். "உனக்கு இந்தத் தொல்லையே இல்ல, மொட்டச்சி."

"வாய மூடிக்கிட்டுத் தின்னுடா."

அங்கிருந்து திராட்சைக் கூடத்துக்குப் போனார்கள். மதில் சுவரில் சாய்த்துக் கட்டிய நீளமான கண்ணாடிக் கூடம். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அப்பியது. முதலில் தேன் மாதிரி ஒரு வாசனை. இரண்டு மூச்சு இழுத்த பிறகுதான் அதற்கு அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டால் வருமே, அந்த நாற்றம்.

நூற்றைம்பது வருடக் கொடி அது. வேர் வெளியே பாத்தியில் இருந்தது. தொடை பருமனுள்ள தண்டு சுவரின் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து கூரை முழுக்கப் படர்ந்திருந்தது. ஓட்டையின் விளிம்பில் ஈ மொய்த்தது.

"அந்தக் காலத்துல திராட்சை நடுறதுக்கு முன்னாடி குழியில செத்த குதிரையப் போடுவாங்க," என்றார் யூரன். "அந்தக் கொழுப்புதான் கொடிக்கு எரு."

"இப்ப என்ன சார் போடுறீங்க?" என்று கேட்டான் ஜோரி.

"கிடைக்கிறத."

எல்லாரும் சிரித்தார்கள். யூரனும் சிரித்தார்.

மற்றவர்களைப் பென்ஹேல் மேடம் பெரணிப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனார். டாம்சினை மட்டும் யூரன் நிறுத்திக்கொண்டார். வேலைக்கான சோதனை எளிது. சுவரோரம், தண்டு உள்ளே நுழையும் இடத்தில் தொங்கும் குலையை வெட்டி எடுக்க வேண்டும். விரல் பழத்தில் படக் கூடாது. பட்டால் பழத்தின் மேலுள்ள சாம்பல் பூச்சு அழிந்துவிடும், குலை குப்பைக்குப் போகும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காம்பை இரண்டு விரலால் பற்றி வெட்டினாள். பூச்சு கலையவில்லை. ஆனால் காம்பு சூடாக இருந்தது. வெட்டிய இடத்திலிருந்து கொழகொழவென்று ஏதோ வழிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது.

"கை சுத்தம்," என்றார் யூரன். "இப்ப ஒண்ணு வாயில போடு. எப்படி இருக்குன்னு சொல்லு."

அவள் போட்டுக்கொண்டாள்.

தோல் உடையவில்லை, கிழிந்தது. உள்ளே சாறு இல்லை. ஆறிப்போன ஆட்டுக் கொழுப்பு நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டது. அழுகல் நெடி மூக்கு வழியாக ஏறியது. கண்ணில் நீர் முட்டியது.

பல்லில் விதை சிக்கவில்லை.

முடி சிக்கியது.

சுருட்டி வைத்திருந்த நீள முடி. நாக்கு பட்டதும் வாய்க்குள் பிரிந்தது. பிரிந்துகொண்டே இருந்தது. கடைவாயைச் சுற்றியது. தொண்டைப் பக்கம் நகர்ந்தது.

யூரன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருடைய முடி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகவே தெரிந்தது. துப்பிவிட்டு ஓட வேண்டும் என்று கால் துடித்தது. கூடவே வெள்ளிக்கிழமையும் அந்தச் சோபாவும் கண்முன் வந்து நின்றன.

விழுங்கினாள்.

"இனிப்பா இருக்கு சார்."

யூரன் மெல்லத் தலையாட்டினார். "போன மாசம் ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேரும் துப்பிட்டாங்க. அவங்களால இங்க இருக்க முடியாதும்மா. உன்னால முடியும். திங்கக்கிழமை வந்துடு."

சொல்லிவிட்டு, சோப்பு மணக்கும் கையால் அவள் தோளைத் தட்டினார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பேருந்து கிளம்பியதும் பென்ஹேல் மேடம் செய்தியைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். "இனி நம்மளையெல்லாம் கண்டுக்க மாட்டா, பெரிய இடத்து ஆளு," என்று ஜோரி முதுகில் ஒரு அடி போட்டான். டாம்சின் சன்னலோரம் சுருண்டு உட்கார்ந்தாள். பழம் குமட்டியது உண்மைதான். ஆனால் அவளை அதிகம் குமட்ட வைத்தது, அந்தப் பொய்யைச் சொன்ன தன் வாய். ஒருத்தி எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்தும் சம்பளத்துக்காக இனிப்பு என்று சொன்ன வாய் அது.

பத்து மைல் தாண்டவில்லை, அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய் முன் இருக்கையில் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம், அந்த வேலை எனக்கு வேணாம்."

"என்னடி உளர்ற? இதுக்குத்தானே தவம் கிடந்த?"

"மெரின் எங்கயும் போகல மேடம். அந்தக் கொடிக்கு அடியில..."

இருமல் வந்தது.

அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதட்டில் ஏதோ இழைந்தது. விரலால் பிடித்து இழுத்தாள்.

ஈரமான செம்பட்டை முடி. ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. மடியில் சுருண்டு விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து விலகி வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்புறம் நின்றுவிட்டது. இழுத்தால் நெஞ்சுக்குள் எங்கோ சுண்டியது.

பென்ஹேல் மேடத்துக்கு அருவருப்பில் முகம் கோணியது. ஆனாலும் முப்பது வருடப் பழக்கம், கை தானாகக் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை எடுத்தது. முடி முழுக்க, விரற்கடைக்கு ஒன்றாக, நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் பக்கவாட்டில் கிளைத்திருந்தன. அவற்றின் நுனிகள் டாம்சினின் வாய்ப் பக்கமாக வளைந்து நீண்டன.

"வேர்," என்றார் மேடம் கிசுகிசுப்பாக. "புது வேர்."

டாம்சின் அழுதுகொண்டே மறுபடி பிடித்து இழுக்கப் போனாள். மேடம் அவள் கையைப் பற்றினார். நாற்றங்காலில் மாணவர்களைத் தடுக்கும் அதே குரல்தான், நடுங்கியது மட்டும் புதிது.

"இழுக்காதே. உள்ள பிடிச்சிடுச்சு."