நாலு மணிக் குளிர்

1987 கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை. பாரிஸ் லா சப்பலில் மெத்ரோ ரயில் பாலத்துக்கு எதிரே இருந்த பழைய கட்டடத்தின் ஆறாம் மாடிக்கு ஏறி முடித்தபோது இம்மாகுலேற்றுக்கு மூச்சு வாங்கியது.

மன்னாரிலிருந்து அவள் பாரிஸில் தங்குவதற்கு வரவில்லை. இரண்டு கிழமையில் குவாத்தமாலாவுக்குப் போக வேண்டும். அவளுடைய கணவன் பேனாட் கனடாவுக்குப் போகிற வழியில் அங்கேதான் காணாமல் போயிருந்தான். கடைசிக் கடிதம் ஆடி மாதம் வந்தது. பாரிஸில் ஒரே அறையில் இருந்து கூடப் போன மடுத்தீன் மட்டும் எல்லையில் பிடிபட்டு, கடைசியில் பாரிஸுக்கே திரும்பி வந்தான். பஸ் நிலையத்துச் சனத்துக்குள் அண்ணையைத் தவற விட்டுவிட்டதாக அவன் எழுதியதை நம்பித்தான் தேடிப் புறப்பட்டாள்.

மடுத்தீனே விமான நிலையத்துக்கு வந்து அவளைக் கூட்டி வந்தான். சூட்கேஸைத் தூக்கி வந்தவன் அதை வாசலிலேயே வைத்தான்.

"அண்ணை இருந்த அறை, அக்கா. நானும் இஞ்சைதான் இருந்தனான்."

"இப்ப?"

"கார்ஜிலை, பாரிசுக்கு வெளியிலை, பெடியளோட."

உள்ளே வராமலே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். போகிறவர் செய்ய வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் பிரதி இரண்டு, இரண்டு இடத்தில். கை நீண்ட சட்டை, நுளம்பு வலை. ஊசி போட வியாழக்கிழமை போக வேண்டும். மலேரியாக் குளிசை ஒரு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். அடுத்த வரியின் கீழே பேனா இரண்டு முறை அழுத்திக் கோடு போட்டிருந்தது: குளிசையைப் பையில் வைக்கக் கூடாது, உடம்போடு வைத்திருக்க வேண்டும்.

அவன் போன பிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குக் கட்டில் அதிர்ந்தது. பாலத்தின் மேல் மெத்ரோ போகிறது என்று நினைத்தாள். அதிர்வு நிற்கக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நீளமான மெத்ரோ எந்த ஊரில் ஓடுகிறது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை.

புதன்கிழமை உடுப்புகளை மடித்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு மணி. முதலில் மணம் வந்தது. மழையில் ஊறி அழுகிய இலையின் மணம். யன்னல் சாத்தியிருந்தது. பிறகு இரும்புக் கட்டிலின் கால்கள் பலகைத் தரையில் தட்டத் தொடங்கின.

யன்னலுக்கு ஓடினாள். பாலம் வெறுமையாகக் கிடந்தது.

கட்டில் தட்டிக்கொண்டேயிருந்தது.

அதற்கிடையில் இன்னொரு சத்தம். மெல்லிய, விடாத சத்தம். பல்லோடு பல் அடிக்கிற சத்தம்.

அவள் கையை நீட்டி மெத்தையைத் தொட்டாள். சுவர்ப் பக்கத்துப் பாதி கொதித்தது.

மறுநாள் ஊசி போடும் இடத்துக்கு மடுத்தீன் கூட்டிப் போனான். நெருப்புக் காய்ச்சலுக்கு ஒரு ஊசி, செங்கமாரிக்கு ஒன்று. வயதான டொக்டர் அம்மா பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அவன் தமிழில் சொன்னான். மலேரியாவுக்கு வந்ததும் அவன் குரல் நின்றுவிட்டது.

"என்ன சொல்லுறா?"

"குளிசையை ஒழுங்காப் போடட்டாம்."

டொக்டர் அம்மாவுக்கு அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். இம்மாகுலேற்றைப் பார்த்து, இரண்டு கைகளாலும் தன்னைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். பல்லைக் கடகடவென்று அடித்தார். பக்கத்திலிருந்த கட்டிலைப் பிடித்து ஆட்டினார். சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். பிறகு நாட்காட்டியில் விரலை வைத்து, ஒரு நாளை விட்டு அடுத்த நாள், மறுபடி ஒரு நாளை விட்டு அடுத்த நாள் என்று தாவினார். ஒரே நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள்.

அதைப் புரிந்துகொள்ள இம்மாகுலேற்றுக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. அவள் திரும்பி மடுத்தீனைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை சூட்கேஸ் பூட்டு இறுகிவிட்டது என்று சொல்லி அவனை அறைக்கு வரவழைத்தாள். தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். அவள் கதவைப் பூட்டித் திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"அக்கா, நான் போகோணும்."

"இரும் தம்பி. இப்ப வந்திடுவார்."

"ஆர்?"

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

மணம் வந்தது.

மடுத்தீன் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினான். கட்டில் தட்டத் தொடங்கியதும் அவன் தரையில் குந்திவிட்டான்.

"அண்ணை சனத்துக்குள்ளை தவறேல்லை, அக்கா," என்று முணுமுணுத்தான். "நான்தான் விட்டிட்டு வந்தனான்."

"எங்கை?"

"எல்லைக்குக் கிட்ட, ஒரு குடிசையிலை. நல்ல மழை. ஆறு கடக்கேக்கை அண்ணையின்ர பை தண்ணியோட போட்டுது. குளிசையும் அதுக்குள்ளை. என்னட்டை ஒரு போத்தில் இருந்தது. அண்ணை கேட்டவர். என்ரையும் போட்டுது எண்டு சொல்லிப்போட்டன்."

பல் அடிக்கும் சத்தம் கூடியது.

"பிறகு காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு முறையும் நாலு மணிக்கு. அப்பவாவது குடுத்திருக்கலாம். குடுத்தால் பொய் சொன்னது தெரிஞ்சிடும் எண்டு பயம். லொறி வந்தது. நான் ஏறிட்டன். குளிருது மடுத்தீன் எண்டு மட்டும்தான் அவர் சொன்னவர். எல்லையிலை பிடிச்சுக் குவாத்தமாலாவுக்கே திருப்பி விட்டாங்கள். குடிசைக்கு ஓடிப் போய்ப் பாத்தன். அவரைக் கோயிலுக்குப் பின்னாலை கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டினம்."

கட்டில் நின்றது. பாலத்தின் மேல் உண்மையான மெத்ரோ ஒன்று ஓடிப் போனது.

இம்மாகுலேற் அழவில்லை. கதவைத் திறந்து விட்டாள்.

"போம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடங்கி அவள் கட்டிலின் காலடியில் காத்திருந்தாள். நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. ஒரு அசைவும் இல்லை. மெத்தை முழுவதும் குளிர்ந்து கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மடுத்தீனைச் சொல்ல வைத்துவிட்டு அவர் போய்விட்டார் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை கார்ஜிலிருந்து ஒரு பெடியன் வந்து சொன்னான். மடுத்தீன் ஆஸ்பத்திரியில். முந்தின நாள் நாலு மணிக்கு, சமைத்துக்கொண்டு நின்றவன் நடுங்கி விழுந்தானாம்.

போகாமல் விட்டுவிட நினைத்தாள். ஆனால் குவாத்தமாலாவில் அந்தக் கோயில் எந்த ஊரில் என்று அவனைக் கேட்காமல் பயணம் போக முடியாது. செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வார்ட்டுக்குள் நுழைந்தாள். பிரெஞ்சு நேர்ஸ் கை விரித்தாள். தமிழ் தெரிந்த துப்புரவுக்காரி ஒருத்தி விளங்கப்படுத்தினாள்.

"காய்ச்சலே இல்லையாம். இரத்தத்திலையும் ஒண்டுமில்லையாம். எல்லாத்துக்கும் ரெண்டு கேக்கிறாராம். ரெண்டு கோப்பை தண்ணி, ரெண்டு குளிசை."

மடுத்தீன் கட்டிலின் ஒரு விளிம்பில், விழுந்துவிடுகிற மாதிரிப் படுத்திருந்தான். மற்றப் பாதியை வெறுமையாக விட்டிருந்தான். கேட்டதும் ஊரின் பெயரையும் வழியையும் தாளில் எழுதிக் கொடுத்தான். கை நடுங்கவில்லை.

நாலு மணிக்கு வெறுமையாக இருந்த பாதி நடுங்கத் தொடங்கியது.

விரிப்பு ஒரு ஆள் அளவுக்குப் பள்ளமாகி, பள்ளத்தோடு சேர்ந்து உதறியது. மடுத்தீன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அக்கா," என்றான், உதடு அசையாமல். "குளிருதாம்."

அவள் ஓடவில்லை. கோட்டைக் கழற்றினாள். ஊரில் பேனாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிப் போர்த்துவாளோ அப்படியே, கழுத்து வரைக்கும் இழுத்து அந்தப் பள்ளத்தின் மேல் போர்த்தினாள். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள்.

நாலேகாலுக்கு நடுக்கம் அடங்கியது. ஐந்தரைக்குத்தான் அவள் எழுந்தாள். மடுத்தீன் நித்திரையாகிவிட்டான். அவன் நெற்றி காய்ந்திருந்தது.

விரிப்பு மட்டமாகிக் கிடந்தது. இம்மாகுலேற் கோட்டை எடுத்தாள். கை வழுக்கியது. உள்பக்கம் முழுவதும், கழுத்திலிருந்து இடுப்பு வரை, வேர்வையில் தோய்ந்திருந்தது.

முகத்தருகே கொண்டு போனாள். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்த மணம் அது.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவள் கோட்டை அப்படியே போட்டுக்கொண்டாள். முதுகுப் பக்கம் இன்னும் சூடாக இருந்தது.